என் பெயரில் இருந்த ஐடி

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது முகநூலில் என் பெயரில் ஒரு ஐடி இருந்தது. அதில் என் படம் இருந்தது, என் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது, நூற்றுக்கணக்கில் நண்பர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்று இருப்பது எனக்கு மட்டும் தெரியாது. என்னிடம் போனே இருக்கவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அது அப்பாவுடையது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துவது அவருடைய வேலை. போன் காலையில் அவருடைய சட்டைப் பையில் போகும், பின்னேரம் டீசல் மணத்தோடு திரும்பி வரும். அம்மா பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற பகுதியில் வேலை செய்தார். எனக்குப் பேசவோ படம் பார்க்கவோ தோன்றினால் என் கூட்டாளியிடம் போவேன். அவள் ஆறாம் ஆண்டிலிருந்து என் பக்கத்து மேசை. அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அவள் சின்னம்மா வீட்டில் வளர்ந்தாள். மகளோடு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும் என்று அவளுடைய அம்மா நல்லதொரு போன் அனுப்பியிருந்தார். வகுப்பில் எங்கள் எல்லோருடைய படங்களும் அந்தப் போனில்தான் இருந்தன.

ஒரு வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ரியூசன் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் நின்ற ஒரு பொடியன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன, நேத்து அவ்வளவு கதைச்சிட்டு இண்டைக்கு ஆரெண்டே தெரியாத மாதிரி இரிக்கிறீங்க?"

"நான் உங்களோட கதைக்கல்ல," என்றேன்.

அவன் தன் பக்கத்தில் நின்றவனிடம், "போனில ஒரு ஆள், பஸ்ஸில வேறொரு ஆள்," என்று சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் கூட்டாளியின் பக்கம் திரும்பி, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "விசர். நீ பேசாம இருகா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெரியப்பாவின் மகன் வீட்டுக்கு வந்தார். கூடவே அம்மாவின் மூத்த அண்ணனும் வந்தார். வீட்டில் எந்தத் தீர்மானம் என்றாலும் மாமாவைக் கேட்காமல் நடக்காது. பெரியப்பாவின் மகன் தன் போனை அப்பாவிடம் நீட்டினார். என் கையில் தரவில்லை. மூன்று ஆண்களும் தலையைக் குனிந்து அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"இவள்ட தோளில கிடக்கிறது ஆருட கை?" என்று மாமா கேட்டார். அப்பா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மகள், உன்ட படத்தப் போட்டு, உன்ட பேரில ஒரு ஐடி இரிக்கு. பொடியனுகளோட கதைச்சிருக்கு. இது நீயா?"

"இல்லப்பா."

"சரி," என்றார்.

அந்தக் கேள்வியை அவர் ஒரு தடவைதான் கேட்டார். இன்றுவரை இரண்டாம் தடவை கேட்டதில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தவற்றில் இது பெரியது என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாமாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. "ஊர் வாய மூடேலா. கொஞ்ச நாளைக்குப் பள்ளிய நிப்பாட்டு. சோதினைய மறுகா பாத்துக்கலாம்," என்றார்.

அம்மா குசினியிலிருந்து வெளியே வந்தார். தன் அண்ணனை எதிர்த்து அம்மா கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. "அவள்ட படத்தக் களவெடுத்திருக்கானுகள் அண்ணன்," என்றார். "களவு குடுத்தவள் எதுக்கு வீட்டுக்குள்ள பூட்டிக் கிடக்கணும்? அவள் நாளைக்கும் பள்ளிக்குப் போவாள். இதச் செஞ்சது ஆரெண்டு நாங்க கண்டுபிடிப்பம்."

அடுத்த நாள் நான் பள்ளிக்குப் போனேன். போகாமல் இருப்பதுதான் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கேற்றடியில் கூட்டமாக நின்ற பெரிய வகுப்புப் பிள்ளைகள் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் அவர்களைக் கடந்து போய் என் இடத்தில் இருந்தேன். அன்று என் கூட்டாளி வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள்.

பள்ளி விட்டதும் அப்பா வேலைக்கு இடையில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் இருந்த கொமினிகேசனுக்குப் போனார். போட்டோக் கொப்பி எடுக்கவும் விண்ணப்பங்கள் நிரப்பவும் ஊரே வருகிற கடை அது. நடத்துகிறவர் ஒரு அக்கா. அப்பா விசயத்தைச் சொல்லிவிட்டு, "இத உடனே அழிக்கேலுமா?" என்று கேட்டார்.

"அழிக்கிறது பிறகு," என்றார் அக்கா. "இப்ப அழிச்சா உங்கட கையில ஒண்டும் மிஞ்சாது. முதல்ல எல்லாத்தையும் படமெடுத்து வைப்பம். எந்த நாள், எத்தினை மணி, எல்லாம் தெரியத்தக்கதா."

அவர் தன் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகச் சேமித்தார். பிறகு அச்செடுத்துத் தந்தார். அப்போதுதான் நான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். பள்ளி விளையாட்டுப் போட்டியில் இருநூறு மீற்றரில் மூன்றாவதாக வந்த நாளில் எடுத்த படம். வியர்வையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். இடப்பக்கம் வெட்டப்பட்டிருந்தது. என் தோளில் நாலு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தில் என்னோடு நின்றது அவள்தான். அந்தப் படம் இருந்தது ஒரே ஒரு போனில்தான்.

அப்பாவிடம் நான் அன்று சொல்லவில்லை. பயத்தினால் அல்ல. அவளே தன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. தாள்களில் ஒன்றை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமையும் அவள் வரவில்லை. பள்ளி முடிந்து நேராக அவளுடைய வீட்டுக்குப் போனேன். சின்னம்மா கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். அவள் அறைக்குள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் தாளை விரித்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது உன்ட கை."

"என்ட கை இல்ல."

"அப்ப கையக் காட்டு."

அவள் காட்டவில்லை. பிறகு தலையணைக்குக் கீழே இருந்து போனை எடுத்து என் மடியில் போட்டாள். "அடிக்கிறதெண்டா அடி," என்றாள்.

அடிக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். "எதுக்கு என்ட படம்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்ட முகத்தப் போட்டா ஆரு கதைப்பாங்க? நீ வடிவு. உன்ட படத்தப் போட்ட அண்டைக்கே அத்தினை பேர் கதைச்சாங்க. வெள்ளிக்கிழமையில மட்டும்தான் அம்மா எடுப்பா. மத்த நாளில எனக்கிட்ட ஆரு என்ன கேக்கிற?"

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் இன்னும் கூடியது. நீ கதைத்ததற்கு நான் பஸ்ஸில் தலை குனிய வேண்டுமா, என் மாமா என் பள்ளியை நிறுத்தச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே, "அது இல்ல பிரச்சினை. உள்ளுக்குப் போய்ப் பார்," என்றாள்.

போனுக்குள் ஒருவனோடு இரண்டு மாதமாகக் கதைத்தது இருந்தது. தனக்குப் பத்தொன்பது வயது என்றும் கொழும்பில் படிப்பதாகவும் சொல்லியிருந்தான். தொடக்கத்தில் சாப்பிட்டாயா, படித்தாயா என்றுதான் கேட்டிருக்கிறான். அவள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் இன்னும் அன்பாகக் கதைத்திருக்கிறான். நாம் கதைப்பதை யாரிடமும் சொல்லாதே, மற்றவர்களுக்கு இது விளங்காது என்று எழுதியிருக்கிறான். அந்த வரி பல இடங்களில் இருந்தது. ஒரு நாள் அவள் மனம் கேட்காமல், படத்தில் இருப்பது நான் இல்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள். அவன் கோபிக்கவில்லை. அப்படியென்றால் உன் உண்மையான படத்தை அனுப்பு என்று கேட்டிருக்கிறான். அவள் அனுப்பினாள். அன்றிலிருந்து அவனுடைய பேச்சு மாறிவிட்டது. வருகிற சனிக்கிழமை காலை பாசிக்குடாவுக்குத் தனியாக வர வேண்டும், வராவிட்டால் எல்லாவற்றையும் அவளுடைய சின்னம்மாவுக்கும் பள்ளிக்கும் அனுப்புவேன் என்பதுதான் கடைசியாக வந்திருந்தது.

வாசித்து முடித்தபோது என் கோபம் அவளை விட்டு அவனிடம் போய்விட்டிருந்தது. மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். மன்னிப்பதற்கு அப்போது நேரம் இருக்கவில்லை.

"நீ போகப் போறியா?" என்று கேட்டேன்.

"போகாட்டி அனுப்பிருவான்."

"போனா மட்டும் விட்டிருவானா?"

அவள் போனை என் கையிலிருந்து வாங்கித் தலையணைக்குக் கீழே தள்ளினாள்.

"நான் அம்மாக்கிட்டச் சொல்லப் போறன்," என்றேன்.

அவள் எழும்பி என் கையைப் பிடித்தாள். "சொல்லாத. சின்னம்மாக்குத் தெரிஞ்சா அம்மா அங்க வேலைய விட்டுட்டு வரணும். என்னால எண்டு சொல்லுவாங்க. உன்னக் கும்பிட்டன்."

"நான் சொல்லத்தான் போறன். ஆனா உனக்குப் பின்னால போய்ச் சொல்லல்ல. நீயும் வா. உனக்குப் பக்கத்தில இருந்து சொல்றன்."

எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது என்று தெரியாது. ஒரு பிழையும் செய்யாதவளாய் இரண்டு நாளாகத் தலை நிமிர்ந்து நடக்கப் பழகியிருந்தேன், அதுவாகத்தான் இருக்கும். அவள் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். சின்னம்மாவிடம் படிக்கப் போகிறோம் என்று சொன்னோம். அது பொய்தான்.

ஹோட்டல் வான் அம்மாவைச் சந்தியில் இறக்கிவிட ஐந்து மணியாகும். வீட்டில் காத்திருந்தோம். அம்மா வந்ததும் வேலை உடுப்பை மாற்றக்கூட விடாமல் நான் தொடங்கினேன். நடுவில் அவள் தானாகவே சொல்லத் தொடங்கினாள். என் படத்தைப் போட்டது தான்தான் என்று சொன்ன இடத்தில் அம்மாவின் முகம் இறுகியது. கதவடிக்கு எழும்பிப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவளை அனுப்பிவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து அவள் முன்னால் நிலத்தில் இருந்தார். "சனிக்கிழமை எத்தினை மணிக்கு வரச் சொன்னவன்?" என்று கேட்டார்.

"பத்து மணிக்கு."

"சரி. நாலு நாள் இரிக்கு."

அப்பா வந்து கேட்டதும் அவருக்கு இரத்தம் கொதித்தது. துறைமுகத்துப் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு போய் அவனைக் கடற்கரையில் வைத்துக் கால் கையை முறிப்பேன் என்றார். அம்மா அதற்கும் இடம் கொடுக்கவில்லை. "நீங்க அடிச்சா அவன் ஆசுபத்திரியில, நீங்க பொலிசில. இந்தப் புள்ளட படம் அவன்ட கையிலயே இரிக்கும். இவளப்போல இன்னும் எத்தினை புள்ளயள்ட படம் இரிக்கோ தெரியா. அடிச்சா அதெல்லாம் வருமா?" அப்பா வாசல்படியில் போய் இருந்தார். பிறகு, "ஆரிட்டப் போற?" என்று கேட்டார்.

அன்றே அம்மா அவளுடைய சின்னம்மா வீட்டுக்குப் போனார். அங்கே என்ன கதைத்தார் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை காலை பிரதேச செயலகத்தின் வாசலில் சின்னம்மாவும் நின்றார். அழுது வீங்கிய கண்ணோடு அவளுடைய கையைப் பிடித்தபடி நின்றார். அம்மா ஹோட்டலில் லீவு சொல்லியிருந்தார். கடையில் அச்செடுத்த தாள்களை நான் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.

சிறுவர் விடயங்களைப் பார்க்கிற உத்தியோகத்தர் இளம் வயதுப் பெண். எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற மேசைகளுக்குக் கேட்காமல் கதவைச் சாத்தினார். என் கூட்டாளியிடம், "ஏன் இப்பிடிச் செஞ்ச எண்டு நான் கேக்கமாட்டன் தங்கச்சி. என்ன நடந்த எண்டு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு ஏலாத இடத்தில நிப்பாட்டலாம்," என்றார். அவள் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். அவர் காத்திருந்தார். பிறகு அவரே எங்களோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். பெண்கள் சிறுவர் பிரிவில் தமிழ் பேசும் ஒரு உத்தியோகத்தர் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி அம்மா கேட்டார். ஓரிடத்தில், அவள் விரும்பிப் படம் அனுப்பியதாக இருந்தது. "விரும்பி எண்டு போடாதீங்க. அவன் கேட்டு வாங்கினவன்," என்றார் அம்மா. அதை வெட்டித் திருத்தி எழுதினார்கள். போனை முத்திரையிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நாங்கள் போகத் தேவையில்லை என்று சொன்னார்கள். தூரத்தில் நின்றாவது அவனைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். "புள்ளயள வைச்சு ஆளப் பிடிக்கிறது எங்கட வேல இல்ல," என்றார் அந்தப் பொலிஸ் உத்தியோகத்தர். அன்று பகல் முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டில் கணக்குப் பாடம் செய்தோம். ஒரு கணக்கும் சரி வரவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு அப்பாவின் போன் அடித்தது. அவன் வந்திருந்தான். வாகனங்கள் நிறுத்துகிற இடத்தில் வைத்துப் பிடித்திருந்தார்கள்.

அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல். கலியாணம் முடித்தவன், பிள்ளைகளும் இருந்தார்கள். அவனுடைய போனில் இன்னும் சில பிள்ளைகளின் படங்கள் இருந்தன என்று பிறகு அறிந்தோம். அதைக் கேட்டதும் என் கூட்டாளி முதல் தடவையாக, "நாங்க பொலிசுக்குப் போனது நல்லம்," என்றாள். அவன் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வழக்கு நீதிமன்றத்தில் தவணை தவணையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனால் என் விசயம் முடியவில்லை. அவள் என் அப்பாவின் போனிலிருந்து தன் கையாலேயே அந்த ஐடியை அழித்துவிட்டாள். அதற்கான அனுமதியைப் பொலிஸில் கேட்டுத்தான் அழித்தாள். ஐடி போய்விட்டது, பேச்சுப் போகவில்லை. கேற்றடியில் கூட்டம் என்னைக் கண்டதும் இன்னமும் பேச்சை நிறுத்தியது. என் பெயரைத் துடைக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. அவளுடைய பெயரைச் சொன்னால் போதும். அப்பாவும் அம்மாவும் அதை என் விருப்பத்துக்கு விட்டார்கள். நான் மூன்று நாள் யோசித்தேன். சொன்னால் அவள் அந்தப் பள்ளியில் ஒரு நாள்கூட இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேற்றடியில் நடப்பது எப்படியிருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

நான் அதிபரிடம் போய், காலைக்கூட்டத்தில் ஐந்து நிமிசம் கதைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் தயங்கினார். மறந்து போயிருக்கிற விசயத்தைத் திரும்பக் கிளற வேண்டுமா என்று கேட்டார்.

"ஒருத்தரும் மறக்கல்ல சேர். எனக்கு முன்னால கதைக்கல்ல, அவ்வளவுதான்," என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒலிவாங்கியின் முன்னால் நின்றேன். எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அந்தப் படம் என்னுடையது, அந்தப் பேச்சு என்னுடையது இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். நாளைக்கு உங்களில் ஒருவரின் படமும் இப்படி வரலாம். வந்தால் பயத்தில் அழிக்காதீர்கள், படமெடுத்து வையுங்கள். யாராவது, நாம் கதைப்பதை ஒருவரிடமும் சொல்லாதே என்று சொன்னால், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். முதலில் சொன்னவர் கேட்காவிட்டால் இரண்டாவது ஆளிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை. வரிசையில் என் இடத்துக்குத் திரும்பி வந்தபோது என் பக்கத்தில் நின்ற கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். எல்லோரும் அவள் என் கதையைக் கேட்டு அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

அந்த வாரம் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் என்னைத் தேடி வந்தாள். "அக்கா, ஒருத்தன் எனக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கான்," என்றாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு வகுப்பாசிரியரிடம் போனேன். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மாமா மட்டும் தான் சொன்னது பிழை என்று ஒருநாளும் தன் வாயால் சொல்லவில்லை. சோதினை முடிவு வந்த அன்று எனக்கு எழுத ஒரு பேனா வாங்கிக்கொண்டு வந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து அவளுடைய அம்மா குவைத்திலிருந்து வந்தார். வந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் இருந்து, "என்ட புள்ளட முகத்தப் பாக்கத்தான் அந்தப் போன வாங்கி அனுப்பினன். ஒவ்வொரு கிழமையும் பாத்தன். ஒண்டும் விளங்கல்ல," என்றார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "எனக்கும் விளங்கல்லதான். என்ட புள்ள பக்கத்தில இருந்தும் பஸ்ஸில நடந்தத எனக்குச் சொல்லல்ல," என்றார். அது உண்மை. அந்த வியாழக்கிழமையே நான் வீட்டில் சொல்லியிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். அவளுடைய அம்மா திரும்பிப் போகவில்லை. இங்கேயே ஒரு தையற்கடையில் வேலை எடுத்துக்கொண்டார்.

இப்போது எனக்குப் போன் இருக்கிறது. பள்ளிகளில் இதைப் பற்றிக் கதைக்க அந்தச் சிறுவர் உத்தியோகத்தர் கூப்பிடும்போதெல்லாம் போகிறேன். போன மாதம் ஏறாவூரில் ஒரு பள்ளியில் ஒரு பிள்ளை எழும்பி, "அந்த அக்கா இப்பவும் உங்கட கூட்டாளியா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "முந்தின மாதிரி இல்ல," என்றேன். "ஆனா வழக்குத் தவணைக்கு அவள் தனியப் போறதில்ல. நானும் போறன்."